மீனுக்குப் பெயர் தந்த மது: சாகேயின் சுவையை வகுத்தவர் யார்?

ஜப்பானிய மொழியில் மீனுக்கு இரண்டு சொற்கள் உண்டு. பழைய சொல் 'உவோ'. இன்று வீட்டிலும் சந்தையிலும் பெரிதும் புழங்குவது 'சகானா'. இந்த இரண்டாவது சொல்லைப் பிரித்தால் 'சக' என்றும் 'ந' என்றும் வரும். முன்னது மது, பின்னது துணையாக உண்ணும் கறி, அது காயாகவும் இருக்கலாம், மீனாகவும் இருக்கலாம். ஆக, சகானா என்பதன் முதற்பொருள் மதுவுக்குரிய தொடுகறி. ஒரு காலத்தில் உப்பும் சகானாதான், மிசோ விழுதும் சகானாதான்; விருந்தில் ஒருவர் எழுந்து ஆடிய ஆட்டமும் பாடிய பாட்டும்கூட அப்பெயரால் குறிக்கப்பட்டன. தொடுகறிகளுள் மீன் மேலோங்கியதால் அச்சொல் நாளடைவில் மீனையே குறிக்கலாயிற்று. மதுவுக்குத் தொட்டுக்கொண்டதன் வழியாக ஓர் உயிரினத்துக்கே பெயர் மாறிய மொழியில், எந்த மதுவுக்கு எந்த உணவு என்ற கேள்வி வெறும் நாகரிக விளையாட்டாக இருக்க முடியாது.

இதை எழுதத் தூண்டியது, அண்மையில் தில்லியில் ஒரு விடுதியில் நண்பர் ஒருவரின் அழைப்பில் கலந்துகொண்ட சாகே சுவைப்பு நிகழ்ச்சி. மெல்லிய ஒயின் கோப்பைகளில், நன்கு குளிர்வித்த தைகின்ஜோ வகை மது. அதனுடன் எலுமிச்சைச் சாறு தெளித்த வெண்மீன். மது மணமாக இருந்தது, மீனும் நன்றாகவே இருந்தது. ஆனால் வழிநடத்தியவர், இந்த இணைப்பு ஆயிரமாண்டு ஜப்பானிய மரபு என்று அறிவித்தார். அவையினர் தலையசைத்தனர். எனக்கு மட்டும் உறுத்தியது. கோப்பையில் இருந்த மது வகை கடைகளில் பரவலாக விற்கப்படத் தொடங்கி அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. அதைக் குளிர்வித்து அருந்தும் வழக்கத்துக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். இதைச் சொன்னால் மரபைக் குறைத்துப் பேசுவதாகிவிடும் என்று சிலர் எண்ணக்கூடும். உண்மை வரலாறு அந்தப் புனைவைவிடச் சுவையானது என்பதே என் தரப்பு.

முதலில் இந்த மது எவ்வாறு உருவாகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சுவையின் வரலாறு முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. திராட்சையில் சர்க்கரை முன்பே இருக்கிறது. அரிசியில் இருப்பது மாவுச்சத்து. அதை யாரேனும் சர்க்கரையாக மாற்றித்தர வேண்டும். பார்லி மதுவில் முளைகட்டிய தானியம் அந்த வேலையைச் செய்கிறது. ஜப்பானில் அதைச் செய்வது, அவித்த அரிசியின்மேல் வளர்க்கப்படும் 'கோஜி' எனும் பூஞ்சணம். சர்க்கரையாக்கமும் நொதித்தலும் ஒரே தொட்டியில் ஒரே வேளையில் நிகழ்கின்றன. சர்க்கரை ஒரேயடியாகக் குவிந்து ஈஸ்ட்டைத் திணறடிப்பதில்லை. உருவாக உருவாக மதுவாகிவிடுகிறது. அதனால்தான் வடித்தெடுக்காமலேயே இம்மது 20 விழுக்காட்டை ஒட்டிய வீரியத்தை எட்டுகிறது. பின்னர் நீர் சேர்த்து 15, 16 விழுக்காட்டுக்கு இறக்குகிறார்கள். கோஜி இன்னொன்றும் செய்கிறது: அரிசியிலுள்ள புரதத்தை உடைத்து அமினோ அமிலங்களாக்குகிறது. இதை நினைவில் வைத்திருங்கள், உணவைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வரும்.

அரண்மனைக்கு மது ஆக்கித் தரத் தனி அலுவலகம் இருந்ததைப் பத்தாம் நூற்றாண்டின் 'எங்கிஷிகி' சட்டத் தொகுப்பு (927) காட்டுகிறது. எனினும் தொழில்நுட்பத்தின் பெரும் பாய்ச்சல் நிகழ்ந்தது பௌத்த மடங்களில். நாராவின் ஷோர்யகுஜி மடத்தில் பதினைந்தாம் நூற்றாண்டளவில் கையாளப்பட்ட முறை நம்மவர்க்கு எளிதில் விளங்கும். பச்சரிசியோடு சிறிது சோற்றையும் நீரில் ஊறவைத்துச் சில நாட்கள் விட்டுவிடுவார்கள். நீர் புளிக்கும். நம் வீட்டு நீராகாரத்தில் நிகழ்வது எதுவோ அதேதான். லாக்டிக் அமிலம் திரண்டு கெடுநுண்ணுயிர்களை விரட்டுகிறது. அந்தப் புளித்த நீரில் மதுவின் தாய்க்கலவையைத் தொடங்குவர். கோஜிக்கான அரிசி, தொட்டியில் சேர்க்கும் அரிசி இரண்டையும் தீட்டிப் பயன்படுத்தும் 'மொரோஹகு' முறையும் நாரா மடங்களில் செழித்ததே. ஆக்கிய மதுவை இளஞ்சூட்டில் காய்ச்சிக் கெடாமல் காக்கும் வழக்கமும் நாராவின் 'தமோன்இன்' நாட்குறிப்பில் பதினாறாம் நூற்றாண்டிலேயே பதிவாகியுள்ளது. லூயி பாஸ்டருக்கு மூன்று நூற்றாண்டு மூத்தது. நுண்ணுயிர் என்ற கருத்தே இல்லாத காலத்தில், கெட்டுப்போன தொட்டிகளிடமிருந்து அவர்கள் கற்ற பாடம் அது.

எதோ காலத்தில் (1603–1868) மையம் மாறியது. இதாமி, இகேதா ஊர்களும், பின்னர் கோபே கடற்கரையின் நதாவும் எதோ நகரத்தின், அதாவது இன்றைய டோக்கியோவின், தாகத்தைத் தீர்த்தன. நதாவின் வெற்றிக்குக் காரணங்கள் கண்கூடானவை: ரொக்கோ மலையோடைகளில் சுழன்ற நீர்ச்சக்கரங்கள் அரிசியைக் கால்மிதியைவிட நன்றாகத் தீட்டின, அம்மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்று மாரிக்கால ஆக்கத்துக்கு உதவியது, 1840ல் யமமுரா தசாஎமோன் கண்டறிந்ததாகக் கூறப்படும் 'மியமிசு' கிணற்றுநீரில் ஈஸ்ட்டுக்கு உரமூட்டும் தாதுக்கள் மிகுதி, இரும்பு மிகக் குறைவு. சுகி மரப்பீப்பாய்களில் அடைத்த மது, அதற்கென்றே அமைந்த கப்பல்களில் எதோவுக்குச் சென்றது. அதாவது எதோ மக்கள் அருந்தியது மரமணம் ஏறிய மது. நகர்ப்புறச் சில்லறை வணிகர்கள் அதில் நீரும் கலந்தனர். இன்று 'தூய சாகே' என்று நாம் கற்பனை செய்வதை அந்த நகரம் அறிந்ததேயில்லை.

அதை அவர்கள் சூடாக்கியே அருந்தினர். முன்பு, ஒன்பதாம் மாதத்துச் சாமந்தி விழா முதல் மூன்றாம் மாதத்துப் பீச் மலர் விழா வரை மட்டும் சூடாக்குவது முறையாக இருந்தது. எதோ காலத்தில் அது ஆண்டு முழுவதற்கும் பரவியது. மருத்துவ அறிஞர் கைபரா எக்கென் 1713ல் எழுதிய 'யோஜோகுன்' நூலில், கோடையாயினும் மாரியாயினும் மது குளிர்ந்தும் இருக்கலாகாது, கொதித்தும் இருக்கலாகாது, வெதுவெதுப்பே உடலுக்கு நன்று என்று அறிவுறுத்துகிறார். பாகைக்கு ஒரு பெயர் வைக்குமளவுக்கு அந்த ஈடுபாடு மொழியில் படிந்திருக்கிறது: 30 பாகை 'வெயிற்சூடு', 35 'மேனிச்சூடு', 40 'இளஞ்சூடு', 50 'கொதிசூடு'. இவற்றுள் மேனிச்சூடு என்ற பெயர் எனக்கு மிகவும் பிடித்தது; அதற்கு வெப்பமானி வேண்டாம், கை போதும்.

அப்படியானால் தொட்டுக்கொண்டது என்ன? எதோவின் காண்டா பகுதியில் 1596ல் தொடங்கிய தொஷிமயா கடை, மிசோ தடவிச் சுட்ட தோஃபுவை மதுவுடன் மலிவாகத் தந்து பெயர் பெற்றது. கடையிலேயே 'இருந்து' குடிக்கும் இத்தகைய இடங்களே 'இசகாயா' ஆயின. 1811ன் கணக்கெடுப்பில் எதோவில் 1,808 இசகாயாக்கள் இருந்தன. அவற்றில் வேகவைத்த கிழங்கும் மீன்கறியும் ஊறுகாயும். செல்வர் வீட்டிலோ மூன்று அரும்பொருள்கள் புகழ்பெற்றிருந்தன: உப்பிட்டு உலர்த்திய மடவை மீன் சினை, கடல் அட்டைக் குடலை உப்பில் ஊறவைத்தது, கடல் முள்ளெலியின் உப்பிட்ட சினை. மூன்றும் உப்பு, மூன்றும் புளித்தோ முதிர்ந்தோ சுவையேறியவை, மூன்றையும் நகக்கண் அளவே எடுத்து நாவில் வைப்பர். மென்மையான வெண்மீனும் மென்மையான மதுவும் கைகோத்து நடக்கும் காட்சி இங்கே இல்லை. ஒன்றின் முரட்டுத்தனத்தை மற்றதன் முரட்டுத்தனம் தாங்கிப் பிடிக்கிறது.

பச்சைமீன் உண்ட முறையும் வேறு. சோயா குழம்பு எல்லார்க்கும் எட்டும் பொருளாகுமுன், மீன் துண்டுகளைத் தோய்க்கப் பயன்பட்டவற்றுள் முதன்மையானது 'இரிசகே': சாகேயில் உப்பிலிட்ட ஊமே காயையும் காய்ந்த சூரைமீன் சீவலையும் இட்டுச் சுண்டக் காய்ச்சிய சாறு. 1643ல் அச்சான 'ர்யோரி மோனோகதாரி' சமையல்நூல் அதைக் குறிப்பிடுகிறது. (அந்தச் சூரைமீன் நம் தென்கடற்கரையும் இலங்கையும் அறிந்த மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு, மாசியின் மணம் தெரிந்தவர்க்கு இரிசகேயின் மணத்தைப் பாதி விளக்கியாயிற்று.) மதுவும் தொடுகறியும் இங்கே தட்டிலும் கோப்பையிலுமாகப் பிரிந்து நிற்கவில்லை. மதுவே தொடுகறியின் சாறாகியிருக்கிறது.

இந்த உறவுக்கு வேதியியல் விளக்கம் பின்னாளில்தான் கிடைத்தது. இகேதா கிகுனயே 1908ல் கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் குளுட்டமேட்டைக் காரணமாகக் காட்டி அதற்கு 'உமாமி' என்று பெயரிட்டார். 1913ல் கொதமா ஷிந்தாரோ சூரைமீனில் இனோசினேட்டைக் கண்டார். இரண்டும் சேரும்போது சுவை கூட்டல் கணக்காக இல்லாமல் பெருக்கல் கணக்காக உயர்கிறது என்பது 1950களின் பிற்பகுதியில் குனினகா அகிராவின் ஆய்வில் தெளிவாயிற்று. கோஜி புரதத்தை உடைத்துத் தரும் அமினோ அமிலங்களில் குளுட்டமிக் அமிலமும் உண்டு. மீனிலோ இனோசினேட் உண்டு. கோப்பையில் ஒரு பாதி, தட்டில் மறு பாதி. மட்டிக்கறியின் சுவைக்குக் காரணமான சக்சினிக் அமிலம் சாகேயிலும் இருக்கிறது. எதிர்மறைச் சான்றும் ஒன்று சொல்லலாம். சிவப்பு ஒயினுடன் சிப்பி உண்டால் வாயில் எழும் கவிச்சைக்கு ஒயினிலுள்ள இரும்பே காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009ல் காட்டினர். சாகே ஆக்குவோர் இரும்பை அஞ்சியதற்குக் காரணம் வேறு: கோஜி தரும் ஒரு சேர்மத்துடன் இரும்பு கலந்தால் மது பழுப்பேறும். நிறத்தைக் காக்க இரும்பற்ற நீரைத் தேடினார்கள். கடலுணவுக்கு இசைவான மது கிடைத்தது. தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று என்பதற்கு உணவு வரலாற்றில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி வரிக்கு வருவோம். என் பார்வையில் இன்றைய சாகேச் சுவையின் உண்மையான ஆசிரியர் அதுதான்.

மெய்ஜி அரசு மதுவரியை ஆக்கிய அளவின்மீது விதித்தது, விற்ற அளவின்மீதன்று. எனவே தொட்டியில் கெட்ட மதுவுக்கும் வரியுண்டு. ஆக்கியவர் நொடித்தால் கருவூலமும் நொடிக்கும். கெடாமலிருக்கச் சாலிசிலிக் அமிலம் சேர்க்கும் வழக்கம் இக்காலத்தில் புகுந்து 1960களின் இறுதிவரை நீடித்தது. சீனப் போருக்குப் பின், ரஷ்யப் போருக்கு முன், படைச்செலவு ஏறிக்கொண்டிருந்த 1899ல் வீட்டில் மது ஆக்குவது முற்றாகத் தடைசெய்யப்பட்டது. உழவர்கள் தம் அரிசியில் தம் வீட்டில் ஆக்கிய வடிகட்டாத வெண்மது, 'தொபுரோகு', ஒரே நாளில் குற்றமாயிற்று. அதே ஆண்டளவில் மதுவரி நிலவரியை முந்தி அரசின் முதற்பெரும் வரியாகி, வரி வருவாயில் மூன்றிலொரு பங்கை எட்டியது. காலனி இந்தியாவின் ஆப்காரி முறையைப் படித்தவர்க்கு இந்த வரிசை புதிதன்று: முதலில் வீட்டுப்பானை சட்டவிரோதமாகும், பிறகு ஆலையின் சரக்கு 'தூய்மை' எனப்படும்.

1904ல் மது ஆக்க ஆய்வு நிலையம் டோக்கியோவில் நிறுவப்பட்டது. அது வேளாண்மைக்கோ கல்விக்கோ உரிய துறையின்கீழ் அமையவில்லை, நிதித்துறையின்கீழ் அமைந்தது. நல்ல ஈஸ்ட்டைத் தேர்ந்து ஆலைகளுக்கு வழங்குவது, தாய்க்கலவையை விரைவாகவும் கெடாமலும் தொடங்கும் முறைகளை வகுப்பது என அந்நிலையமும் அதைச் சூழ்ந்த அமைப்புகளும் செய்த பணி மிகப் பெரிது. 1909ல் 'யமஹாய்' முறை, 1910ல் லாக்டிக் அமிலத்தை நேரே சேர்க்கும் விரைவு முறை. 1907ல் நாடளாவிய போட்டி தொடங்கியது. 1911 முதல் ஆண்டுதோறும் புதுமது மதிப்பீடு. போட்டியில் முந்தியது நதா அன்று, ஹிரோஷிமா. கடினநீர் இல்லாத அவ்வட்டாரத்தில் மென்னீரில் தாழ்வெப்பத்தில் மெல்ல நொதிக்கவிடும் முறையை மியுரா சென்சபுரோ 1898ல் நூலாக வெளியிட்டிருந்தார். அதே வட்டாரத்தின் சதகே ரியிச்சி 1896ல் விசையால் இயங்கும் அரிசி தீட்டும் பொறியை உருவாக்கியிருந்தார். மென்னீர், தாழ்வெப்பம், மிகத் தீட்டிய அரிசி: பழத்தின் மணம் வீசும் 'கின்ஜோ' மதுவின் மூன்று கால்கள் இவை.

மதிப்பீடு நடந்த விதம்தான் கவனத்துக்குரியது. வெண்பீங்கான் கிண்ணம், அடியில் நீலத்தில் இரண்டு வட்டங்கள். வெள்ளையில் மதுவின் நிறம் தெரியும், நீலத்தின் ஓரத்தில் அதன் தெளிவு தெரியும். நடுவர் முகர்ந்து, சிறிது வாயிலிட்டுச் சுழற்றி, உமிழ்ந்துவிட்டு அடுத்ததற்கு நகர்வார். நூற்றுக்கணக்கான கிண்ணங்கள். சூடாக்குவதில்லை. உணவு இல்லை. இத்தகைய வரிசையில் முதல் முகர்வில் பளிச்சிடும் மணமும் எக்குறையும் இல்லாத மென்மையும் வெல்லும். மூன்றாம் கிண்ணத்தில் ஊறுகாயோடு சேர்ந்து மெல்ல விரியும் மது தோற்கும். இந்தக் கருவி குறையைக் கண்டுபிடிக்க அமைந்தது. கெட்டுப்போகும் மதுவால் வரி இழக்கும் அரசுக்கு அது முற்றிலும் பொருத்தமான கருவி. உணவோடு ஒத்துப்போவதை அளக்க அதனால் இயலாது. அளக்க யாரும் கேட்டதுமில்லை. போட்டிக்கென்று ஆக்கிய கின்ஜோ மது 1970கள் வரை சந்தைக்குப் பெரிதாக வரவேயில்லை. பின்னாளில் போட்டியாளர்களிடையே ஒரு வாய்பாடே வழங்கியது, 'ஒய்.கே. 35': யமதா நிஷிகி அரிசி, குமமோதோ ஈஸ்ட், 35 விழுக்காடு எஞ்சும்வரை தீட்டுதல். அரிசியில் மூன்றில் இரண்டு பங்கு தூளாகிப் போகிறது.

இடையில் போர் வந்தது. அரிசித் தட்டுப்பாட்டில் கடைமது நீர்த்துப்போய், தங்கமீன் நீந்தலாம் என்று மக்கள் எள்ளி அதற்குத் 'தங்கமீன் மது' எனப் பெயரிட்டனர். 1943ல் தரவகுப்பு முறை. போருக்குப்பின் 1949 முதல், சாராயமும் குளுக்கோசும் அமிலங்களும் குளுட்டமேட்டும் சேர்த்து ஒன்றை மூன்றாகப் பெருக்கிய மது. பலர் சாகே என்றால் இனித்துப் பிசுபிசுக்கும் மது என்று வெறுத்தது இதனால்தான். சட்டப்படி அது 'சாகே' என்ற பெயரை இழந்தது 2006ன் திருத்தத்துக்குப் பிறகே. 1973ல் உச்சம் தொட்ட நுகர்வு இன்று அதன் கால்பங்கு அளவுக்கு வீழ்ந்துள்ளது.

1989ஐ நான் தனியே குறித்து வைத்திருக்கிறேன். அவ்வாண்டு நவம்பர் 22 அன்று தேசிய வரி முகமை ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 60 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ எஞ்சத் தீட்டினால் கின்ஜோ, 50 அல்லது குறைவானால் தைகின்ஜோ, சாராயம் சேராதது ஜுன்மாய். இன்று உலகெங்கும் சாகே வகுப்புகளில் மாணவர் மனப்பாடம் செய்யும் அட்டவணை அந்த அறிவிக்கைதான். மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 14 அன்று, உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கை முடித்துவைத்தது. நரிதா விமான நிலையத்துக்கு நிலம் பறிக்கப்பட்டதை எதிர்த்த சன்ரிசுகா போராட்டத்தில் நின்ற மயேதா தொஷிஹிகோ, தம் வீட்டில் வெளிப்படையாகத் தொபுரோகு ஆக்கி, அது மனிதனின் அடிப்படை உரிமை என வாதிட்டார். தோற்றார், வரி வருவாயைக் காக்கும் அத்தடை அரசமைப்புக்கு உட்பட்டதே என்றது நீதிமன்றம். எது உயர்ந்த மது என்று வகுத்ததும் யார் ஆக்கக்கூடாது என்று உறுதிசெய்ததும் ஒரே பனிக்காலத்தில் நிகழ்ந்தன. முன்னது எல்லாக் கையேடுகளிலும் உண்டு. பின்னதை அவற்றில் காண்பது அரிது.

உணவிணைப்புக் கையேடுகள் இன்று பெரும்பாலும் நால்வகைப் பகுப்பைக் கையாள்கின்றன: மணமிக்கது, எளிமையானது, அரிசிச்சுவை செறிந்தது, முதிர்ந்தது. தீட்டிய அளவைப் பார்ப்பதைவிட இது நேர்மையான வழி. நாவில் உள்ளதிலிருந்து தொடங்குகிறது. ஆனாலும் வெப்பநிலையை அது ஓரமாகவே வைத்திருக்கிறது என்பது என் குறை. கோபேயில் ஆய்வுக்காகத் தங்கியிருந்த நாட்களில் எட்டுப்பேர் மட்டும் அமரக்கூடிய ஓர் இசகாயாவில் இதைக் கற்றேன். உப்பிலிட்ட கணவாய்க் குடலுடன் விலையுயர்ந்த தைகின்ஜோவைக் கேட்டேன். கடைக்கார அம்மையார் ஒன்றும் சொல்லாமல் தந்தார். பழமணமும் கணவாயும் ஒன்றையொன்று கடித்தன, வாயில் கசப்பு. முகத்தைப் பார்த்தவர், யமஹாய் மதுவை மண்சாடியில் சூடாக்கிக் கொணர்ந்து வைத்தார், விலை பாதி. அதன் புளிப்பு உப்பைத் தணித்தது. சூட்டில் கணவாயின் கவிச்சை இனிப்பாகத் திரும்பியது. அவர் சோறு தரவில்லை. மது முடிந்த பிறகே சோறு, ஊறுகாய், மிசோ சாறு. விருந்துமுறைச் சமையலிலும் வரிசை அதுவே. மதுவே சோற்றின் இடத்தில் அமர்ந்திருக்கும்போது சோறு எதற்கு என்பது அவர் விளக்கம்.

தொபுரோகுவுக்குச் சிறு வாயில் 2003ல் திறந்தது. சீர்திருத்தச் சிறப்பு மண்டலத் திட்டத்தின்கீழ் இவதே மாவட்டத்தின் தோனோவில் விருந்தினர் விடுதி நடத்தும் உழவர் ஒருவருக்கு முதல் உரிமம் கிடைத்தது. தம் நெல்லில் ஆக்கி, தம் விருந்தினருக்கு வார்க்கலாம். 2024 டிசம்பரில் கோஜி வழி மது ஆக்கும் மரபறிவை யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. தன் வீட்டு அடுக்களையில் தனக்கென்று அந்த மரபறிவைக் கைக்கொள்ளும் ஜப்பானியர் இன்றும் 1899ன் தடைக்கு உட்பட்டவரே.

பெயர்களின் ஒலிபெயர்ப்பிலோ ஆண்டுகளிலோ பிழை கண்டால் சுட்டுக, திருத்திக்கொள்கிறேன். இரிசகே செய்து பார்க்க விழைவோர், சூரைமீன் சீவல் கிடைக்காவிடில் மாசியை நுணுக்கிச் சேர்க்கலாம். உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.